சம்புட நிறுவல் விழா

புனேயில் இருக்கும் மேற்கு மண்டல நிலத்தடி நீர்த் தரவு மையத்தில் ஒரு மென்பொருளைக் கணினியில் ஏற்றுவதற்கு ஏழு வாரம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆகும் என்று அதன் கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருந்தது. கையேட்டை எழுதியவர்கள் மையத்தைப் பார்த்ததில்லை.

பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. கருப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால், சிதறிக் கிடக்கும் தரவுக் கோப்புகளை எடுத்து ஒரே பொதியாகக் கட்டி மேலே ஒரு சீட்டு ஒட்டும். என்ன தரவு, யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று சீட்டில் இருக்கும். கட்டுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்க்கும். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாட்டில் உள்ள எல்லா மையங்களும் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. அதில் மென்பொருளுக்கு ஒரு சாதாரண ஆங்கிலப் பெயர் இருந்தது. இயக்குநர் டாக்டர் கோவிந்தராஜனுக்கு அந்தப் பெயரில் கனம் போதவில்லை. பெயர் சூட்டும் குழு ஒன்றை அமைத்தார். குழு இரண்டு முறை கூடி, சிமிழ் என்று பொருள்படும் ‘சம்புடம்’ என்ற பெயரை வைத்தது. மென்பொருளுக்கு இன்றுவரை அது தெரியாது.

நிறுவும் வேலை கிருபாவதிக்கு வந்தது. வேலை என்று ஒன்று இருந்தால் அது அவளுக்குத்தான் வரும். மற்றவர்களுக்குப் பொறுப்புகள் இருந்தன.

கிருபாவதிக்கு நாற்பத்தேழு வயது. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே கன்டோன்மென்ட்டில் கணக்கர் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். வானவடியில் வீடு. பதினாறு வருடமாக மையத்தில் ஒப்பந்தப் பணியாளர். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் மறுபடியும் எடுத்துக்கொள்வார்கள். புனேயைச் சுற்றி நாற்பத்து மூன்று கிணறுகள் அவள் பொறுப்பு. மாதாமாதம் ஓட்டுநர் ஆண்டனியுடன் ஜீப்பில் போய், சாஸ்வட், ஜுன்னர், வெல்ஹே என்று பத்து நாள் அலைந்து, ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே நிற்கிறது என்று அளந்து வருவாள். இதுவரை எட்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தாறு அளவுகள். அந்தப் பக்கத்து விவசாயிகள் அவளை மராத்தியில் ‘பாணிவாலி பாய்’, தண்ணீர்க்கார அம்மா, என்பார்கள். மையத்தில் அவளை எப்படிக் கூப்பிடுவது என்பது தீர்மானமாகவில்லை. அவளை நிரந்தரமாக்கும் கோப்பு இயக்குநர் மேசையில் இருந்தது.

இயக்குநர் கோயம்புத்தூர்க்காரர். புனேக்கு வந்து ஆறு வருடம். அலுவலகத்தில் ஆங்கிலமும் ஹிந்தியும்தான் பேசுவார். எழுத்தில் தர முடியாத உத்தரவு ஏதாவது இருந்தால் மட்டும் கிருபாவதியைக் கூப்பிட்டுத் தமிழில் பேசுவார்.

முதல் நாள் அவள் மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கினாள். பத்து நிமிடத்தில் ஆவக்-ஜாவக் பிரிவிலிருந்து ஆள் வந்துவிட்டார். அந்தப் பிரிவுக்கு, மையத்துக்குள் வரும் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு முத்திரை குத்துவதும், வெளியே போகும் ஒவ்வொன்றுக்கும் அதையே செய்வதும்தான் வேலை. இணையத்திலிருந்து வந்தாலும் வந்தது வந்ததுதான், முத்திரை இல்லாமல் எப்படி உள்ளே விட்டீர்கள் என்று அவர் கேட்டார். கோப்பில் எப்படி முத்திரை குத்துவது என்று கிருபாவதி கேட்டாள். அச்செடுத்து வாருங்கள் என்றார்.

அது மனிதர்கள் படிக்கும் கோப்பு அல்ல என்று அவள் சொல்லிப் பார்த்தாள். படிப்பது தங்கள் பிரிவின் வேலை அல்ல என்று பதில் வந்தது. அச்சுப்பொறி ஒரு பகல் முழுவதும் ஓடியது. கட்டம், வட்டம், கேள்விக்குறி, பாதி எழுத்து என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை விழுந்தது. இருநூற்று ஆறாம் பக்கம் வெற்றாக இருந்ததால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ‘இப்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று சான்றளிக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒப்பந்தப் பணியாளருக்குச் சான்றளிக்கும் அதிகாரம் இல்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் துணை இயக்குநர் ஒருவர், அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்பதை நேரில் பார்த்து உறுதி செய்தார். அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. அவர் விடுப்பில் இருந்தார்.

அடுத்து, கணினி ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கடவுச்சொல் கேட்டது. கிருபாவதி வழக்கம்போலக் கணினிப் பிரிவுக்குப் போனாள். விஷயம் அதற்குள் நிர்வாக அதிகாரி சந்திரிகா மேடத்தின் காதுக்கு எட்டிவிட்டது. மையத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒருவர்தான் உண்டு, அது நான்தான் என்று அவர் சொன்னார். அவர் அறைக்கதவில் அப்படித்தான் எழுதியிருந்தது. கணினிப் பிரிவு வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் வருட மதிப்பீடு உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை சந்திரிகா மேடம் உதவியாளர் இருவருடன் கிருபாவதியின் மேசைக்கு வந்தார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எல்லோரையும் திரும்பி நிற்கச் சொன்னார். திரும்பி நின்றார்கள். அவர் தட்டினார். கருப்புத் திரையில் கடவுச்சொல் தட்டும்போது எழுத்தும் வராது, புள்ளியும் வராது, அது அப்படித்தான். மேடத்துக்கு அது தெரியாது. தான் தட்டத் தட்டக் கணினி கண்டுகொள்ளாமல் இருந்ததை அவர் கவனித்தார். இன்னும் அழுத்தித் தட்டினார். மூன்றாம் முறை, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். திரும்பி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அது அவருடைய பேரன் பெயர்.

அப்போது திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. இதைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லை. இந்தச் சம்பவம் குறித்துப் புகார் செய்யப்படும்.

எந்தக் கணினியும் இப்படிச் சொல்லும்; சொல்லிவிட்டு எங்கோ ஒரு மூலையில் ஒரு வரி குறித்துவைக்கும், அவ்வளவுதான். கிருபாவதி அதை விளக்க வாயெடுத்தாள். மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மத்தியானமே இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார். புகார் யாருக்குப் போனது என்பதுதான் கேள்வி. அமைச்சகத்துக்கா, கண்காணிப்பு ஆணையத்துக்கா, அல்லது மென்பொருள் செய்த நாட்டுக்கா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். சம்பவ விசாரணைக் குழு அமைந்தது. முந்திக்கொள்வது நல்லது என்று யாரோ சொல்ல, இயக்குநர் டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதினார்: எங்களைப் பற்றித் தங்களுக்குப் புகார் ஏதேனும் வந்திருந்தால் அது உண்மையல்ல, வராதிருந்தால் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

டெல்லியில் அதைப் பொருட்படுத்தினார்கள். என்ன புகார் என்று கேட்டார்கள். மையத்திலிருந்து வந்த பதில் மூன்று பக்கம் இருந்தது, அதைப் படித்த பிறகு, ஆய்வுக் குழு ஒன்று நேரில் வந்து சம்புட நிறுவலையும் தரவையும் பார்க்கும் என்று தெரிவித்தார்கள்.

இத்தனைக்கும் காரணம் யார் என்று விசாரணைக் குழு தேடியது. கணினி கிருபாவதியின் மேசையில் இருந்தது. ‘தங்கள் பொறுப்பிலுள்ள கணினி மூத்த அதிகாரி ஒருவரை அவமதித்தபோது அதைத் தடுக்கத் தவறியது ஏன்’ என்று அவளுக்குக் குறிப்பாணை வந்தது. விசாரணை முடியும்வரை நிரந்தரக் கோப்பு நிறுத்திவைக்கப்படும் என்று அடியில் ஒரு வரி இருந்தது. பதினாறு வருடத்தில் அந்தக் கோப்பு இயக்குநர் மேசைவரை வந்தது அதுவே முதல் தடவை.

அன்று அவள் சாப்பிடப் போகவில்லை. மேசையிலேயே உட்கார்ந்து கையேட்டைப் புரட்டினாள். இரண்டாவது பத்தியில், உங்கள் சொந்தக் கோப்புறைக்குள் நிறுவிக்கொள்வதாக இருந்தால் யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று போட்டிருந்தது. அதற்கு வேறொரு கட்டளை. தட்டினாள். ஒன்றரை நிமிடத்தில் சம்புடம் உட்கார்ந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது எப்போது நிறுவப்படும் என்று முடிவு செய்யும் கூட்டம் மாடியில் நடந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு அது பிடித்துப்போனது. கேட்டதைச் செய்தது. தப்பாக இருந்தால் எத்தனையாவது வரியில் தப்பு என்று சொன்னது. யார் எழுதியது, எந்தப் பதவி என்று கேட்கவில்லை.

பொதியின் சீட்டில் என்ன எழுதுவது என்பதற்கான கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது. ஆசிரியர்கள் என்ற இடத்தில் பதினோரு பெயர் முடிவாயிற்று. முதலில் இயக்குநர், கடைசியில் கேன்டீன் குழுத் தலைவர். அளவு எடுத்தவளை எங்கே போடுவது என்று யாரோ கேட்டார்கள். விதிப்படி ஒப்பந்தப் பணியாளர் ஆசிரியராக முடியாது. ‘மூலங்களும் கருவிகளும்’ என்று கீழே ஒரு இடம் இருந்தது. அங்கே போட்டார்கள்: நீளமான எஃகு அளவுநாடா ஒன்று, ஜீப் ஒன்று, கிருபாவதி.

கூட்டம் முடிந்து இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். தமிழில் பேசினார்.

“வருத்தப்படாதீங்க கிருபாவதி. ஆசிரியர்னா சிந்திக்கறவங்க. நீங்க போய் அளக்கறீங்க, அவ்வளவுதானுங்களே. உங்ககூட அந்த அளவுநாடாவும்தான் கிணறு கிணறாப் போகுது. அது பேரு கேக்குதுங்களா?”

அவர் கணினியைத் திருப்பித் தரவைக் காட்டச் சொன்னார். எட்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தாறு வரி. ஒவ்வொரு வரியிலும் கிணறு, தேதி, நேரம், ஆழம், அளந்தவர். அளந்தவர் என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை கிருபாவதி, கிருபாவதி என்றே இருந்ததைப் பார்த்து அவர் முகம் சுருங்கிற்று. மையத்தின் தரவில் மையத்துத் தலைவர் பெயர் வருவதுதானே முறை என்றார். தேதிகளும் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் தேதி, ஏழாம் தேதி, பதினொன்று என்று கண்டபடி இருந்தன. தேதி எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று டெல்லிக் கடிதத்திலேயே இருக்கிறது என்றார்.

தேதியை எழுதும் முறைதான் ஒரே மாதிரி இருக்க வேண்டும், தேதியே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று அவள் சொன்னாள்.

“அதெல்லாம் டெக்னிக்கல். பாக்கறவங்களுக்குச் சீரா இருக்கோணும். எல்லா மாசமும் ஒண்ணாந்தேதி, காலைல எட்டு மணின்னு போட்டுருங்க. அளந்தவர்ங்கற எடத்துல என் பேரு.”

வீட்டுக்கு வந்து கணவன் மெர்வினிடம் சொன்னாள். மெர்வினுக்குச் சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. இருபது வருடமாக மற்றவர்கள் செய்த தப்பைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு எதற்கும் கோபம் வராது. சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

“செஞ்சு குடுத்துரு,” என்றான். “ஆனா எழுதி வாங்கிக்க. வாயால சொன்னா நாளைக்கு மைனே நஹி போலா, நான் சொல்லவேயில்லன்னு நிப்பான். உன்னோட அசல் அளவெல்லாம் தனியா வச்சிருக்கேல்லா?”

வைத்திருக்கிறேன் என்றாள்.

மறுநாள் அவள் இயக்குநரிடம் போய், இவ்வளவு முக்கியமான மாற்றம் சுற்றறிக்கையாக வந்தால் வரலாற்றில் நிற்கும் என்றாள். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லா அளவுகளும் ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு டாக்டர் கோவிந்தராஜனால் எடுக்கப்பட்டவை எனப் பதிவு செய்யப்பட வேண்டும். சுற்றறிக்கை எண் 114. அவள் சொன்னபடியே மாற்றினாள். மாற்றுவதற்கு ஒரு கட்டளைதான் தேவைப்பட்டது. பதினாறு வருடம் நான்கு நொடியில் போய்விட்டது. அவள் பெயர் இருந்த அசல் கோப்பு, தனிக் கோப்புறையில் அப்படியே இருந்தது.

கையேட்டில் சரிபார்ப்பு விதிகள் என்று ஒரு அத்தியாயம் இருந்தது. களத்தில் எடுத்த தரவாக இருந்தால் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளும்படி அதில் பரிந்துரைத்திருந்தார்கள்: ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அளந்ததாக இருக்கக் கூடாது. ஒரே ஒரு வரி. அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தால் போதும், மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

அந்த வரியை எழுதுவதா வேண்டாமா என்று கிருபாவதி மூன்று நாள் யோசித்தாள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச்சில் தமிழ் ஆராதனையின்போது போதகர் ஐயர் மன்னிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம். அவளுக்கு எல்லாவற்றிலும் உடன்பாடு இருந்தது. திங்கட்கிழமை காலை அலுவலகம் போய், பையை வைத்ததும் அந்த வரியை எழுதிச் சேமித்தாள்.

விழா வெள்ளிக்கிழமை நடந்தது. அரங்கத்தின் மேடையில் கணினியை வைத்துச் செண்டுமல்லி மாலை போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு அதன் பக்கத்திலேயே இருந்ததால் தீயணைப்புக் கருவியுடன் ஒருவர் நின்றார். அவருக்கும் ஒரு பூச்செண்டு கிடைத்தது. டெல்லிக் குழுவின் தலைவர் டாக்டர் விசாலாக்ஷி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, அதிகம் சிரிக்காத அம்மாள். பத்திரிகைக்காரர்கள் நான்கு பேர், கிணற்றுச் சொந்தக்காரர்களான விவசாயிகள் முப்பது பேர். விவசாயிகளை மூன்று மணி நேரம் முன்னதாகவே கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். சந்திரிகா மேடம் சால்வைகளுக்குப் பொறுப்பு. கிருபாவதிக்கு மேடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூல், கட்டளையைத் தட்டி வைக்க. என்டர் பொத்தானை இயக்குநர் அழுத்துவார்.

இயக்குநர் பேசினார். தண்ணீர் என்பது என்ன என்று தொடங்கினார்.

“பலர் என்னிடம் கேட்கிறார்கள், ஒரு இயக்குநருக்குக் கிணற்றடியில் என்ன வேலை என்று. நான் சொல்வேன், அறை நாற்காலியில் உட்கார்ந்து அறிவியல் செய்ய முடியாது. இந்தத் தரவின் ஒவ்வொரு எண்ணிலும் என் வியர்வை இருக்கிறது. இங்கே வந்திருக்கும் விவசாயப் பெருமக்களுக்கு என் முகம் தெரியும். என் ஊழியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெயருக்கு வேலை செய்யாதீர்கள்.”

விவசாயிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் வரிசையில் ஒருவர் மேடை ஓரத்து ஸ்டூலைப் பார்த்துக் கைகூப்பினார்.

கைதட்டலுக்கிடையே இயக்குநர் என்டரை அழுத்தினார்.

பெரிய திரையில் சம்புடம் வேலை செய்யத் தொடங்கியது. கோப்புகளைப் படிக்கிறேன் என்றது. சரிபார்க்கிறேன் என்றது. அப்புறம் சிவப்பாக ஒரு வரி வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிற்காமல் ஓடத் தொடங்கியது. மே ஒன்று, காலை எட்டு மணி, டாக்டர் கோவிந்தராஜன், ஜுன்னரில் இருக்கிறார். அதே நாள், அதே நேரம், டாக்டர் கோவிந்தராஜன், சாஸ்வட்டில் இருக்கிறார். அதே நாள், அதே நேரம், வெல்ஹேயில் இருக்கிறார். முதலில் சிலர் கைதட்டினார்கள், சிவப்பு விழாவுக்கான நிறம் என்று நினைத்து. எட்டாயிரத்து அறுபத்து நான்கு வரி ஓடி முடிய நான்கு நிமிடம் ஆயிற்று. அதை எப்படி நிறுத்துவது என்று அறிந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கடைசியில், பிழைகள் 8064, பொதி கட்டப்படவில்லை என்று வந்து நின்றது.

டாக்டர் விசாலாக்ஷி எழுந்து, இது என்ன என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

கருவிக் கோளாறு என்றார் இயக்குநர். கருவி சரியாகத்தான் சொல்கிறது, ஒரே மனிதர் ஒரே நேரத்தில் நாற்பத்து மூன்று கிணற்றில் இருந்ததாக உங்கள் தரவு சொல்கிறது என்றார் அந்த அம்மாள். யார் இப்படிப் பதிவு செய்தது என்று கேட்டார். இயக்குநரின் கை தானாக ஸ்டூல் பக்கம் நீண்டது. கிருபாவதி எழுந்து, மடித்து வைத்திருந்த சுற்றறிக்கை 114-ஐக் கொண்டுபோய்க் கொடுத்தாள். விசாலாக்ஷி படித்தார். பச்சைக் கையெழுத்தைப் பார்த்தார். இன்னொன்றும் கேட்டார்: “இந்தத் தரவு 2009-இல் தொடங்குகிறது. நீங்கள் புனேக்கு வந்தது 2019-இல். அதற்கு முன்னாலும் நீங்கள்தான் அளந்தீர்களா?”

அந்த இடத்தில் தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். விவசாயிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோளில் சால்வை இருந்தது. தேதியில் சிறு பிழை இருக்கலாம், ஆனால் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கிணற்றையும் நானே அளந்தேன் என்று டாக்டர் கோவிந்தராஜன் ஒலிபெருக்கியில் சொன்னார்.

அப்படியானால் நாளைக் காலை ஒரே ஒரு கிணற்றை அளந்து காட்டுங்கள் என்றார் விசாலாக்ஷி.

சாஸ்வட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டுக் கிணறு. கருங்கல்லைக் குடைந்து எடுத்த பழைய கிணறு. காலை ஒன்பது மணிக்கே ஊர் கூடிவிட்டது. டெல்லிக் குழு ஒரு வண்டியிலும், இயக்குநர் ஒரு வண்டியிலும், அளவுநாடாவும் கிருபாவதியும் ஜீப்பிலும் வந்தார்கள். தேவையான கருவிகளை அனுப்பிவைக்கும்படி உத்தரவு வந்திருந்தது. உத்தரவுப்படி கருவிகள் பட்டியலைப் பார்த்து அனுப்பியிருந்தார்கள்.

எஃகு நாடாவால் தண்ணீர் மட்டம் அளப்பது எளிது. நாடாவின் கடைசி ஒரு மீட்டரில் சாக்பீஸைத் தேய்க்க வேண்டும். கிணற்றுக்குள் இறக்க வேண்டும். தண்ணீர் பட்ட இடம்வரை சாக்பீஸ் நனைந்து நிறம் மாறும். மேலே இழுத்து அதைப் படித்து, விளிம்பில் பிடித்த அளவிலிருந்து கழிக்க வேண்டும். கிருபாவதி பையைத் திறந்து இயக்குநரிடம் நாடாவைக் கொடுத்தாள், சாக்பீஸைக் கொடுத்தாள். அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். நாடாவைப் பார்த்தார். சாக்பீஸைப் பார்த்தார். சுற்றிலும் எதையோ தேடினார். பிறகு ஆங்கிலத்தில், போர்டு எங்கே என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. ஊரில் ஒரு கிழவர் மட்டும் மராத்தியில், சாஹேப் பாடம் நடத்தப் போகிறாரா என்று உண்மையான அக்கறையுடன் விசாரித்தார்.

இயக்குநர் கிணற்று விளிம்புக்குப் போவதுபோல நகர்ந்து, அவள் பக்கத்தில் வந்து தலையைக் குனிந்துகொண்டார். “என்ன பண்ணோணும்னு மெதுவாச் சொல்லுங்க,” என்றார் தமிழில். “உங்க ஃபைல் திங்கக்கெழமையே முடிஞ்சுரும். நான் பாத்துக்கறேன்.”

பதினாறு வருடத்து ஃபைல் அது. கிருபாவதிக்கு அந்தக் கணத்தில் வீட்டு வாடகை, மகளின் படிப்பு, மெர்வினின் முதுகுவலி எல்லாம் நினைவுக்கு வந்தன. சொல்லிவிடலாம், ஒரு வாக்கியம்தான். அவர் நெற்றியில் வியர்வை வழிந்து மூக்கு நுனிக்கு வந்ததைப் பார்த்தாள். அவர் வியர்த்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அளவுநாடாகிட்ட கேளுங்க ஸார்,” என்றாள். “அதுதான் என்கூட எல்லாக் கெணத்துக்கும் வந்துச்சு.”

அவர் நாடாவைச் சாக்பீஸ் தேய்க்காமல் இறக்கினார். பாதியில் கை நழுவி முழு நாடாவும் உள்ளே போயிற்று. தண்ணீரில் அது விழுந்த சத்தம் வருவதற்கு நேரமாயிற்று. மே மாதம், மட்டம் இறங்கியிருந்தது. எவ்வளவு என்று டாக்டர் விசாலாக்ஷி கேட்டார். சுமார் பத்து மீட்டர் என்றார் இயக்குநர். பதினாலே கால் என்று கிணற்றுக்குச் சொந்தக்காரர் சொன்னார். போன வாரம் பாய் வந்து அளந்து சொல்லிவிட்டுப் போனார் என்றார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தாளில் நடந்தது. டெல்லிக் குழு அறிக்கை எழுதியது. கிருபாவதியிடமிருந்து அசல் கோப்பை வாங்கிச் சம்புடத்தில் போட்டுப் பார்த்தார்கள். பிழை எதுவும் இல்லை என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டது. அப்போது மையத்துக்கு ஒரு புதுச் சிக்கல் வந்தது. விதிப்படி ஒப்பந்தப் பணியாளர் எடுத்த அளவு அதிகாரபூர்வமான அளவு ஆகாது. ஆகாதென்றால் மையத்துக்குப் பதினாறு வருடமாகத் தரவே கிடையாது. தரவு இல்லாத தரவு மையத்தை ஏன் மூடக் கூடாது என்று டெல்லி கேட்குமே என்று எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. பதினாறு வருடமாக நகராத கோப்பு ஐந்தே நாளில் எட்டு மேசைகளைத் தாண்டியது. அவளை 2009 மே மாதத்திலிருந்து முன்தேதியிட்டு நிரந்தரமாக்கினார்கள். யாருக்கும் அவள்மேல் இரக்கம் வந்துவிடவில்லை. குறிப்பாணையை ரத்து செய்ய மறந்துபோனார்கள். அது இன்னும் இருக்கிறது.

டாக்டர் கோவிந்தராஜனை விருப்ப ஓய்வில் போகச் சொன்னார்கள். விருப்பம் யாருடையது என்று உத்தரவில் இல்லை.

அவருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. மையத்தில் எது நின்றாலும் விழா நிற்காது. கிருபாவதி வரமாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொள்வதுதான் அழகு என்று சந்திரிகா மேடம் அவளிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் போனாள். பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு போனாள். முதல் வரிசையில், நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். இயக்குநர் ஐம்பது நிமிடம் பேசினார். பொறாமையைப் பற்றியும் வரலாற்றின் தீர்ப்பைப் பற்றியும் பேசினார். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவர் அந்தப் பக்கம் பார்த்த ஒவ்வொரு முறையும் அவளும் பார்த்தாள். மூன்று இடத்தில் அவருக்குப் பேச்சு தட்டிற்று.

முடிந்ததும் வடாபாவும் ஜிலேபியும் கொடுத்தார்கள். அவள் தட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்று நிதானமாகச் சாப்பிட்டாள். டாக்டர் கோவிந்தராஜன் மாலையும் சால்வையுமாக ஒவ்வொருவரிடமும் விடைபெற்றுக்கொண்டு வந்தார். அவள் முன்னால் வந்ததும் நின்றார்.

“இப்பச் சந்தோஷமுங்களா உங்களுக்கு?” என்று கேட்டார்.

கிருபாவதி வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். அவள் இல்லை என்று சொல்வாள், அல்லது தலைகுனிவாள் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமா ஸார்,” என்றாள். “ரொம்ப.”

பிறகு இன்னொரு ஜிலேபி இருக்குமா என்று பரிமாறுகிறவரிடம் கேட்டாள்.